எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை

இந்தச் சிறுவர் படிப்பகத் திறப்பு விழாவுக்குத் தலைமையேற்று, எங்கள் சத்தத்தையெல்லாம் ஒரே பார்வையால் அடக்கி அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை அம்மையார் அவர்களே! மேடையில் என் இருபுறமும் வீற்றிருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் தோளில் பையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் முதுகுக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்திருக்கும் தந்தைமார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே! உங்கள் எல்லோருக்கும் என் அன்பு வணக்கம்.

பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே பிள்ளைக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். நான் யார் அதைப் பேச? கல்லூரியில் கற்றவனா? கல்வியில் கரை கண்டவனா? கண்ணாடி விற்பவன்! இந்த அரங்கில் பாதிப்பேரின் மூக்கில் என் கடைச் சரக்குதான் உட்கார்ந்திருக்கிறது. முன்வரிசை ஐயா, சிரிக்காதீர்கள். உங்களுடையது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, நாளை கடைக்கு வாருங்கள். ஆனாலும் பேச வந்திருக்கிறேன். ஏன் வந்தேன்? கண்டேன், அதனால் வந்தேன். கண்டதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அதனால் வந்தேன்.

என் தங்கை தையல்காரி. கடைத்தெருவின் கோடியில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை. வாசலைப் பார்த்து ஒரு தையல் இயந்திரம். இயந்திரத்துக்கு இந்தப்பக்கம் தங்கை. அந்தப்பக்கம், முக்காலியில், அவள் மகள். அவளுக்கு வீட்டில் பெயர் வாலு. ஏன் என்று கேட்கவேண்டாம், பார்த்தாலே தெரியும்!

என் தங்கையிடம் ஒரு கண்டிப்பு உண்டு. இயந்திரம் ஓடும்போது பிள்ளை இந்தப்பக்கம் வரக்கூடாது. இங்கே சுற்றும் சக்கரம், ஏறி இறங்கும் ஊசி, வாய் பிளந்த கத்தரிக்கோல். ஆகவே எதிரில்தான் உட்காரவேண்டும். அப்படி உட்காரவைத்துத்தான் கதை சொன்னாள். பாபின் உருளையில் நூல் சுற்றும் நேரத்தில் ஒரு வரி, பொத்தான் தைக்கும் நேரத்தில் ஒரு வரி. இயந்திர மேசைமேல் கதைப்புத்தகம். அதில் ஊர்ந்து நகரும் தங்கையின் விரல். வாலு கூடவே சொல்லுவாள். சில நாளில் அம்மாவை முந்திக்கொண்டும் சொல்லுவாள். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, இவ படிக்கிறா!" என்று கடைக்கே ஓடிவந்தாள்.

பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு அழைத்துப்போன நாள் வந்தது. அம்மையார் அவர்களே, பயப்படாதீர்கள், உங்களைக் காட்டிக்கொடுக்க வரவில்லை! அம்மையார் ஒரு புத்தகத்தை மேசைமேல் நேராக வைத்து, "படி கண்ணு, பாப்போம்" என்றார்கள். வாலு என்ன செய்தாள்? அதைத் தலைகீழாகத் திருப்பினாள். தங்கைக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சட்டென்று நேராக்கினாள். வாலு மறுபடி திருப்பினாள். தங்கை மறுபடி நேராக்கி, கையில் ஒரு தட்டும் தட்டினாள். அவ்வளவுதான், பிள்ளை வாயை மூடிக்கொண்டது. "பரவாயில்லைங்க, புத்தகம் பிடிக்கவே இன்னும் பழகல. அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்றார்கள் அம்மையார். அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அங்கிருந்து நேரே என் கடை. தங்கையின் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, இவளுக்கு ஏதோ கோளாறு. கண்ணா, மூளையான்னு தெரியல. மனப்பாடமா ஒப்பிச்சதப் படிக்கிறான்னு நம்பி ஏமாந்துட்டேன்போல. இனிமே அவ முன்னால புத்தகத்தத் திறக்க மாட்டேன். எம்பொண்ண நான் படுத்தினது போதும்."

எவ்வளவு பெரிய சொல் பாருங்கள்! இனிமேல் புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்கிறாள் ஒரு தாய். பிள்ளையோ புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நிற்கிறது.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே? கண்ணைச் சோதிப்பது. உள்ளறைக்கு அழைத்துப்போனேன். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை. மேலே கை அகல எழுத்து. கீழே போகப்போக எறும்பு அளவு எழுத்து. "வாலு, தெரியறதச் சொல்லு" என்றேன்.

பார்த்தாள். பலகையையே பார்த்தாள். அது ஆணியடித்த பலகை. புத்தகம் மாதிரி திருப்ப முடியுமா? முடியாது. அதனால் என்ன செய்தாள் தெரியுமா? தன்னைத் திருப்பிக்கொண்டாள்! எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். குனிந்தாள். இரண்டு காலுக்கும் நடுவே தலையை விட்டுப் பலகையைப் பார்த்தாள்.

"ஏய், இது விளையாடற இடமா? நிமிந்து நில்லு!" என்று நான் அதட்டினேன். தங்கை கையை ஓங்கினாள். அப்போது, முழங்கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது. முதல் எழுத்தைச் சொன்னது. அடுத்த வரியைச் சொன்னது. அதற்கும் அடுத்த வரியைச் சொன்னது. கடைக்கு வருகிறவர்கள் "இது போதும், விடுங்க" என்று கைவிட்டுப்போகும் கடைசி வரி இருக்கிறதே, அதையும் சொன்னது! ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது, ஐயா!

"புத்தகத்த எந்தப்பக்கம் பாத்து வெச்சு சொல்லிக்கொடுத்தே?" என்று தங்கையைக் கேட்டேன்.

"என்னப் பாத்துதான். நான் படிக்கணுமில்ல?"

"இவ எங்க உக்காருவா?"

"எதிர்லதான், ஊசி பக்கத்துல வரக்கூடாதுன்னு…" பாதியில் நின்றது பேச்சு.

புரிகிறதா உங்களுக்கு? அம்மாவுக்கு நேராக இருந்த புத்தகம் பிள்ளைக்குத் தலைகீழ்! நேராக நிற்கும் எழுத்தைப் படிக்கவே நமக்கு நாக்குத் தள்ளியது. அவளோ தலைகீழாய் நின்ற எழுத்தையெல்லாம் தட்டுத்தடுமாறாமல் படித்திருக்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாருமில்லை! யாருக்காவது தெரிந்ததா? பெற்றவளுக்கே தெரியவில்லை! என்ன, பின்வரிசையில் யாரோ "புளுகு" என்கிறீர்களா? மறுநாளே அம்மையார் முன்னால் இந்தப் பிள்ளை புத்தகத்தைத் திருப்பிவைத்துப் பக்கம் பக்கமாய்ப் படித்தது. அந்த வருஷமே இடமும் கிடைத்தது. அம்மையாரே தலையாட்டுகிறார்கள் பாருங்கள்! சாட்சி போதுமா?

ஆனால், அன்று என் கடையில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் இறங்கமாட்டேன்.

தங்கை அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். புத்தகத்தைத் திறக்க மாட்டேன் என்றவள், பிள்ளையின் பையிலிருந்து அவளே எடுத்துத் திறந்தாள். இருவருக்கும் நேராக. வாலு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, நீ இப்படியா பாத்துக்கிட்டு இருந்தே?"

ஆமாம் என்று தங்கை தலையாட்டினாள். விரலை வைத்தாள். பிள்ளை ஒவ்வொரு எழுத்தாகத் தடுமாறி, அடையாளம் கண்டு, மெல்ல ஒரு வரியைக் கடந்தது. நாங்கள் கைதட்டினோம். வாலு சிரிக்கவில்லை. கழுத்தைப் பின்னால் வளைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"எழுத்து நல்லாத் தெரியுது. ஆனா இங்க உக்காந்தா உன் மூஞ்சி தெரியலையேம்மா" என்றாள்.

தாய்மார்களே! தந்தைமார்களே! எழுத்தைத்தான் காட்டுகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? அம்மாவின் உதடு குவிவதைப் பார்த்தது! கதையில் புலி வரும் இடத்தில் கண் விரிவதைப் பார்த்தது! புலி போனதும் அந்த முகம் மலர்வதைப் பார்த்தது! எழுத்து தலைகீழாக இருந்தால் அவளுக்கென்ன? அம்மாவின் முகம் நேராக இருந்ததே!

வீட்டுக்குப் போங்கள். ஓடும் இயந்திரத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள். கையிலிருக்கும் போனைக் கவிழ்த்து வையுங்கள். பிள்ளையை மடியில் வைத்து ஒரு வரி படியுங்கள். படித்ததும், குனிந்து உங்கள் முகத்தைக் காட்டுங்கள். என் தங்கை இப்போது அப்படித்தான் படிக்கிறாள்.

பேச வைத்தவர்களுக்கும், பொறுத்துக்கொண்ட உங்களுக்கும் நன்றி. இந்த அரங்கில் இன்று யார் யார் மடியிலோ தூங்கிக்கொண்டிருக்கும் அத்தனை சின்னஞ்சிறு வாசகர்களுக்கும் தலைவணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்!