வலது ஓரமும் கீழ் ஓரமும்

இல்ல பாய், நான் சண்டை போட வரல. சத்தமாப் பேசுனா சண்டையா? என் தொண்டையே இப்படித்தான். யூனிவர்சிட்டியிலயும் இதே பேச்சுதான், தமிழினி எழுந்து நின்னா கிளாஸ் முடியாதுன்னுவாங்க. உக்காரல, பரவால்ல, நின்னுக்கினே சொல்லிடறேன். இந்த லெட்டர மட்டும் கொஞ்சம் பாருங்க. உங்க கேமரா கிளப்புலேர்ந்து எங்கம்மாவுக்கு வந்தது. செயலாளர் ஜுபைர்னு கீழ போட்டிருக்குது. நீங்கதானே? அப்ப உங்களத்தான் கேக்கணும்.

வசந்தா, சிங்கவரம். படம் எண் முப்பத்தொண்ணு. இறுதிச் சுற்றுக்குத் தேர்வு. சரி, சந்தோஷம். அதுக்குக் கீழ உங்க நடுவர் செவப்பு மையில எழுதியிருக்காரு பாருங்க. ஒண்ணு, வலது ஓரத்துல ஒரு பெண் ஆடிப்போய் மங்கலா இருக்காங்க, வெட்டவும். ரெண்டு, கீழ படம் எடுப்பவரோட நிழல் விழுந்திருக்குது, வெட்டவும். வெட்டிக் குடுத்தா பரிசுக்கு வாய்ப்பு இருக்குதாம். ஏன் பாய், இது போட்டோ போட்டியா, இல்ல தையல் கடையா?

சிரிக்காதீங்க. நான் சீரியஸாத்தான் கேக்கறேன்.

அம்மாவ நீங்க பாத்திருப்பீங்க. பஸ் ஸ்டாண்டுல நோட்டீஸ் பாத்துட்டு நேரா உங்க ஸ்டூடியோவுக்குத்தான் வந்தாங்களாம். கீறல் விழுந்த போன், நீலக் கலர் பொடவ. ஆமா, அவங்கதான். ரொம்பப் பேச மாட்டாங்க, சரியா சொன்னீங்க. அவங்க பங்கையும் சேத்து என்கிட்ட குடுத்துட்டாங்க.

படத்தப் போட்டிக்குக் குடுத்தது எனக்கே தெரியாது பாய். செமஸ்டர் லீவுல வீட்லயேதான் கெடந்தேன், என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. இந்த லெட்டர் வந்தப்புறந்தான் தெரியும். நாலு வருஷமா எங்கூருல நூறு நாள் வேலைக்கு அம்மாதான் பொறுப்பாளர். தெனமும் ரெண்டு வாட்டி, வேலைக்கு வந்த இருபத்திமூணு பொம்பளைங்களையும் வரிசையா நிக்க வெச்சு, கண்ணு மூடாம, மூஞ்சி மறையாம போட்டோ எடுத்து ஆப்ல ஏத்தணும். படம் ஏறுனாத்தான் வருகை, வருகை இருந்தாத்தான் கூலி. உங்க கிளப்புல யாரு பாய் இந்த மாதிரி எடுக்கறது? வருஷா வருஷம் நீங்க மாட்டறத நானும் பாத்துக்கினுதான் இருக்கேன். ராஜகிரிக் கோட்டை மேல சூரியன் உதிக்கும். ஒரு மயிலு. பல்லு போன ஒரு தாத்தா, கருப்பு வெள்ளையில. ஆடு மேய்க்கிறவர மூணு வாட்டி திரும்பி நடக்கச் சொல்லி எடுத்தாங்களே ஒருத்தங்க, அதுக்குப் பேரு இயல்பான தருணம்.

மயில நீங்களா எடுத்தீங்க? சரி. சொன்னது சொன்னதுதான்.

போன வருஷம் முதல் பரிசு எதுக்குக் குடுத்தீங்க? சேவலுக்கு. றெக்க பூரா ஆடிப்போயி, தல எது வாலு எதுன்னே தெரியாது. அதுக்கு நடுவர் மேடையில இன்னா சொன்னாரு? அசைவைப் பிடித்திருக்கிறார்னாரு. நான் கீழதான் உக்காந்திருந்தேன். சேவல் ஆடுனா அசைவு, எங்க தெருப் பொம்பள ஆடுனா மங்கலா? விதியில எங்க இருக்குது, காட்டுங்க. ரெண்டு பக்க விதியையும் நான் வரி விடாமப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். அம்மாவுக்கு அவங்க வேலையோட விதியையே நான்தான் படிச்சு சொல்லுவேன். அவங்க விதிய விட்டுட்டு ஆளப் பாக்கற ரகம்.

அந்தம்மா யாருன்னா கேக்கறீங்க? அப்பாடா. ஒருத்தராவது கேட்டீங்களே.

ராஜாம்பாள். எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி. நான் பெரிம்மான்னுதான் கூப்புடுவேன். நல்ல ஆளு, வாய் ஜாஸ்தி. மம்புட்டி புடிச்சாங்கன்னா ஆம்பளைங்க ஓரமா ஒதுங்கி நிக்கணும். ஏப்ரல் கடைசியில ஏரியில தூர் எடுக்கற வேல நடந்துது. எல்லாரும் ஏழு மணிக்கே வந்துட்டாங்க, பாதிப் பேரு வெறும் நீராகாரத்தக் குடிச்சிட்டு. அம்மா கரை மேல நின்னுக்கினு போட்டோ எடுக்கறாங்க, இவங்க கீழ ஏரிக்குள்ள வரிசையா நிக்கறாங்க, மூஞ்சிக்கு நேரா வெயிலு. அன்னிக்கின்னு பாத்து சிக்னலே இல்ல. எடுப்பாங்க, சுத்திக்கினே இருக்கும், ஏறாது. திரும்ப எடுப்பாங்க. ஒருத்தர் நகந்தாலும் மொதல்லேர்ந்து. ஒம்பதரை ஆயிடுச்சி. ஏரிக்குள்ள இன்னா இருக்குது, ஒரு வேப்பங்கன்னு கூட கெடையாது.

பெரிம்மா அப்படியே குந்திட்டாங்க. தல சுத்துதுடின்னாங்க. ஒக்காந்தே இருக்கட்டும், ஒக்காந்த மாதிரியே எடுத்துக்கலாம்னு அம்மா சொன்னாங்க. எழுந்து நில்லுங்க, ஒருத்தர் ஒக்காந்தா எல்லாருக்கும் ஆப்சென்ட் விழும்னு ஒரு அதட்டல். எழுந்து நின்னாங்க. எல்லாரும் உள்ள இருக்காங்களான்னு பாக்க, அம்மா ஆப்ப விட்டு வெளிய வந்து சும்மா ஒரு படம் எடுத்தாங்க. அதுதான் இது.

பெரிம்மா ஆடல பாய். விழறாங்க.

இருங்க, நான் சொல்லி முடிச்சிடறேன். உயிரோடத்தான் இருக்காங்க. இடது கை வரல, வாய் கொஞ்சம் கோணிக்கிச்சி. பேசறது நமக்குப் புரியும், பாதி நாம சேத்துக்கணும். அன்னிக்கு எல்லாரும் அவங்கள ஆட்டோவுல ஏத்திக்கினு ஓடிட்டாங்க, அதுக்கப்புறம் யாரு படம் ஏத்தறது? பதிவுல பாத்தா அன்னிக்கு இருபத்திமூணு பேரும் வரல. ஏரியே காலி. வேல செய்யற எடத்துல விழுந்தாங்கன்னு பெரிம்மா வீட்ல மனு குடுத்தா, அவங்க அன்னிக்கு வேலைக்கே வரலியேம்மான்னு பதில். இந்தப் படத்தையும் கொண்டு போயி காட்டுனோம். ஏன் காட்டாம? ஆப்ல ஏறாதது வெறும் படம், அதெல்லாம் கணக்குல வராதுன்னுட்டாங்க.

வெறும் படத்துக்குன்னே ஊர்ல ஒரு போட்டி நடக்குதுன்னு தெரிஞ்சதும் அம்மா உங்ககிட்ட வந்துட்டாங்க. அவ்ளோதான் பாய் அவங்க யோசன. ஞாயித்துக்கிழம கல்யாண மண்டபத்துல கண்காட்சி, பெரிய அதிகாரிங்கதான் தொறந்து வைக்கிறாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தீங்க. சுவத்துல ஆளு உசரத்துக்கு மாட்டுனா நின்னு பாப்பாங்கல்ல. ஓரத்துல யாரும்மா அதுன்னு யாராவது கேப்பாங்கல்ல, இப்ப நீங்க கேட்டீங்களே, அப்படி. அந்த ஓரத்தத்தான் வெட்டிக்கினு வான்றாரு உங்க நடுவரு. ஏற்கெனவே ஒரு வாட்டி அவங்கள வெட்டியாச்சு பாய். ரெண்டாவது வாட்டி நீங்க வெட்டாதீங்க.

நெஜமாவா? நீங்களே பேசிடறீங்களா? ராஜாம்பாள் இருக்கலாமா? எழுதிக் குடுங்க. நம்பிக்க இல்லாம இல்ல, எழுத்துல இருந்தா நல்லது. தேங்க்ஸ் பாய். மயிலப் பத்தி சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க.

இன்னா, நிழல மட்டுமா?

அத மட்டும் ஏன் வெட்டணும்?

அம்மா போன் பண்ணாங்களா? எப்ப? நேத்தா? எங்கம்மாவேதானா, வேற யாராவது வசந்தாவா? இன்னா சொன்னாங்க, அப்படியே சொல்லுங்க. ராஜாம்பாள விட்ருங்க, கீழ இருக்கற நிழல மட்டும் வெட்டிடுங்கன்னா? அவங்களே சொன்னாங்களா, நீங்க கேட்டு சொன்னாங்களா?

ம்.

தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க பாய்.

இல்ல, ஒண்ணுமில்ல. வெயில்ல வந்தது. ரெண்டரை மாசமா ஒரே வீட்ல இருக்கோம், ஒரு நாள் கூட அதப் பத்தி வாயத் தொறக்கல அவங்க. திட்டவும் இல்ல. திட்டியிருந்தா நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், பேசத்தான் நமக்கு வருமே. உங்களுக்கு மட்டும் போன் பண்ணி வெட்டச் சொல்லியிருக்காங்க.

வெட்டாதீங்க. அம்மா சொன்னாலும் வெட்டாதீங்க. படம் எடுக்கறவங்க நிழல் விழறது கத்துக்குட்டிங்க பண்ற தப்புதான், நீங்க சொல்றது வாஸ்தவந்தான், ஆனா அது அம்மா நிழல் இல்ல. நல்லாப் பாருங்க. போன்ல படம் எடுக்கறவங்க ரெண்டு கையாலயும் போனப் புடிச்சிருப்பாங்க. இது ஒத்தக் கை. மேல தூக்கியிருக்குது. கரைச் சரிவுல விழுந்து நீளமாப் போயிருக்குது பாருங்க, விரலு கூட பெரிம்மா கால்கிட்ட போயி நிக்கிது. நடுவர் கண்ணாடி போட்டிருக்காரில்ல?

அத விடுங்க, வேற இன்னா பாக்கி? சம்மதக் கடிதமா? கொண்டாந்திருக்கேன். விதி ஒம்பது, படத்துல இருக்கற எல்லாரோட கையெழுத்தும் வேணும். நாலு நாளா வீடு வீடா ஏறி எறங்கி வாங்கியிருக்கேன். பாதிப் பேரு ரேகதான். இது பெரிம்மாவுது. இடது கை வரலன்றதால வலது கட்டவிரல். மை கொஞ்சம் இழுத்துக்கிச்சி, விரல நான்தான் புடிச்சு வெச்சேன். படத்தப் பாத்துட்டு, நான் வந்திருக்கேன் பாருன்னாங்க, ரொம்ப நேரம் அதையே சொல்லிக்கினு இருந்தாங்க. அப்புறம் என்னப் பாத்து, சாப்டியாடின்னு கேட்டாங்க.

இன்னா பாய், திரும்பத் திரும்ப எண்றீங்க? இருபத்திமூணு பேர்தானே இருக்காங்க, இருபத்திநாலு கையெழுத்து இருக்குதேன்னா? சரியாத்தான் இருக்குது. கடைசில இருக்கறது என்னுது. அன்னிக்கு கரையில அம்மாவுக்குப் பக்கத்துல நின்னுக்கினு கையத் தூக்கி, எழுந்து நில்லுங்க பெரிம்மான்னு அதட்டுனது நான்தான். அங்க விதி படிச்சவ நான் ஒருத்திதானே. படத்துல இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போடணும்னு இருக்குதில்ல, அதான் போட்டிருக்கேன்.