ரெட் ஆக்சைடு கறை

— மேல வழியா ஒரு குழாய், கீழ வழியா ஒரு குழாய், ரெண்டும் விட்டுப் பார்த்தாச்சு. எங்க வீட்டுக்காரருக்கு உள்ளே எல்லாம் பளபளன்னு இருக்காம் டாக்டர். ரத்தம் மட்டும் அஞ்சு பாயிண்டுதானாம். மகாராசா யாருக்குத் தானம் பண்றார்னு நீங்களாவது கேட்டுச் சொல்லுங்க.

— நீ சும்மா இரு. டாக்டரம்மா, இவ உறிஞ்சினது போக மிச்சம்தாங்க அந்த அஞ்சு.

— ஜோக்கெல்லாம் அப்புறம் பெயிண்டரே. இரும்பு மாத்திரை சாப்பிடறீங்களா?

— முழுங்கி முழுங்கி நானே இரும்பு கேட்டு மாதிரி ஆயிட்டேன். ப்ரைமர் அடிக்கிறதுதான் பாக்கி.

— ரெண்டு தடவை ரத்தம் ஏத்தியும் இறங்கிடுச்சு. எங்கேயோ ஒழுகாம இப்படி ரத்தசோகை வராது. சட்டையைக் கழட்டிட்டுக் குப்புறப் படுங்க.

— சட்டை எதுக்குங்க? சும்மா நாக்கைப் பாருங்க, கண்ணைப் பாருங்க...

— ஐயோ, துரைக்கு வெட்கம்! என் முன்னாடி கழட்டியே வருஷக்கணக்காச்சு. கல்யாணப் பொண்ணு தோத்தா.

— கழட்டுங்க... முதுகுல என்ன துணி இது?

— பழைய பனியன் துண்டு. சும்மா ஒரு சின்னக் கட்டிங்க. வலியே இல்ல.

— ஒட்டிக்கிட்டிருக்கு, மெதுவா எடுக்கறேன்... இதுவா சின்னக் கட்டி? என் உள்ளங்கையை வெச்சாலும் மறையாது. ஓரமெல்லாம் தடிச்சிருக்கு, தொட்டதும் ரத்தம். எத்தனை வருஷமா?

— ஆறேழு இருக்கும். மிளகு சைசுல வந்துச்சு. சும்மா விட்டுட்டேன்.

— இதுவரைக்கும் பார்த்த டாக்டருங்க யாரும் இதைப் பார்க்கலையா?

— அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டர்! வயித்துக்குள்ள கேமரா விட்டவங்களுக்குச் சட்டைக்குள்ள எட்டிப் பார்க்க நேரம் ஏது? ரொம்பப் பெரிய டாக்டருங்க.

— சொட்டுச் சொட்டா ரத்தமெல்லாம் இங்கதான் போயிருக்கு. மறைச்சுப் பேச மாட்டேன். தோல் புற்றுநோய் மாதிரி தெரியுது. சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். நான் நினைக்கிற வகைன்னா மெதுவாத்தான் வளரும், வெட்டி எடுத்துடலாம். ஆழமாப் போயிருந்தா பெரிய ஆபரேஷன்.

— பொழைச்சுக்குவேனா?

— இப்பவாவது வாயில வந்துச்சே அந்தக் கேள்வி! உயிரை முதுகு வழியா ஒழுகவிட்டுட்டு என்கிட்ட நக்கலடிச்சிருக்காரு டாக்டர். பாவி மனுஷன்.

— பொழைக்க வைக்கத்தான் பார்க்கறேன். ஆனா ஒண்ணு புரியல. சட்டை நனைஞ்சிருக்குமே, வீட்ல யாரும் கேக்கலையா?

— சட்டையில சிவப்பு இல்லாத நாள் ஏதுங்க எனக்கு? கேட்டு, கிரில்லு, எதுக்கும் முதல்ல ரெட் ஆக்சைடுதானே. பெயிண்டுதான்டின்னேன், நம்பிட்டா.

— முதுகுலயா பெயிண்ட் அடிச்சீங்க?

— காயாத கேட்டுல சாஞ்சுட்டேன்னு சொல்லிட்டேன்.

— தினமும் சாஞ்சீங்களாக்கும்! ஏம்மா, எங்க வீட்டு கேட்டுக்கும் அதைத்தான் அடிச்சாங்க. என் புது டிரஸ்ல பட்டு, என்ன போட்டும் போகல, டிரஸ்ஸே போச்சு. நீங்க எப்படித்தான் எடுத்தீங்க?

— அவ கை அப்படிங்க! எவ்வளவு இருந்தாலும் மறுநாள் சட்டை சும்மா வெள்ளை வெளேர்னு இருக்கும். சொல்லேன்டி, கேக்கறாங்கல்ல?

— பச்சத்தண்ணியில முக்கினாலே போயிடும் டாக்டர். போயிடக் கூடாது, போயிடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேதான் ஒவ்வொரு தடவையும் முக்குவேன்.