ஏழாம் எண் தேர்வறையில் எடுக்கப்பட்ட பஞ்சு

பெயர் நஷ்அத் பிஷாரா, வயது 58, எகிப்தின் மன்சூரா நகரில் புவியியல் ஆசிரியர், தனியாக வசிப்பவர். விசாரணை அதிகாரி முன்பு தானாக வந்து கூறியது:

இந்த ஆண்டு பள்ளி இறுதித் தேர்வுக்கு என்னைத் தெற்கே அபூ தகன் கிராமத்தில் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். பள்ளியிலேயே ஒரு வகுப்பறையில் கட்டில் போட்டுத் தங்கினேன். நான் கண்டிப்பானவன் என்று பேர் பரவிவிட்டதால் ஊரில் யாரும் என் சலாமுக்குப் பதில் சொல்லவில்லை. எட்டு நாளும் அவித்த மொச்சையைத் தனியாகத் தின்றேன்.

எட்டாம் நாள் இயற்பியல் தேர்வு. ஒன்பது மணிக்கு ஏழாம் எண் அறையில் இருபது மாணவிகளுக்கும் தாள் கொடுத்தேன். அரை மணி கழித்து மதிலுக்கு வெளியே ஒலிபெருக்கியில் ஒருவர் கேள்வி எண்ணையும் சரியான விடைக்குரிய எழுத்தையும் சொல்லத் தொடங்கினார். தலைமைக் கண்காணிப்பாளரிடம் முறையிட்டேன். "ஜன்னலுக்குக் கண்ணாடியே இல்ல. நான் என்ன, என் ஜிப்பாவைக் கழட்டி மாட்டட்டுமா?" என்றார்.

அதன் பிறகு என்னுடன் இருந்த ஆசிரியை ஒரு மாணவியைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றார். அப்போது மூன்றாம் வரிசையில் ஷுரூக் தாஹிர் என்ற மாணவி கையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"உஸ்தாத், கத்துறது எங்க பாபா. தர்பூசணி விக்கிற மைக்கு அது. எனக்கே விடை தெரியும், அவர் சொல்றதைக் கேட்டா குழம்புது. உங்க காதுல இருக்கே, அந்தப் பஞ்சு இன்னும் இருக்கா?"

எனக்கு வலது காதில் சீழ். மருந்து தோய்த்த பஞ்சு எப்போதும் பையில் இருக்கும். தேர்வருக்குக் கண்காணிப்பாளர் எதுவும் தரக் கூடாது, தேர்வர் காதில் எதுவும் இருக்கக் கூடாது என்ற இரண்டு விதியும் எனக்குத் தெரியும். இருந்தும் கிள்ளிக் கொடுத்தேன். அந்த எட்டு நாளில் என்னை மனிதனாக நினைத்து ஒன்றைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அதன் பிறகு பத்தே காலுக்குத் திடீர்ச் சோதனை அதிகாரி வந்தார். பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்கையில் ஷுரூக்கை இரண்டு முறை கூப்பிட்டார். அவள் நிமிரவில்லை. காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி, "காது மிஷின் எங்கடி? முழுங்கிட்டியா?" என்று கத்தினார். மிஷின் ஏதும் கிடைக்கவில்லை. ஆனாலும் தாளைப் பறித்து, முறைகேடு என்று அறிக்கை எழுதி என்னிடம் நீட்டினார்.

அவள் என்னைப் பார்த்தாள். பஞ்சு யார் கொடுத்தது என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, கையெழுத்துப் போட்டேன். இந்த வேலை போனால் காலையில் எழுந்து போவதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது. அந்தப் பயம்தான். வேறு காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெளியேற்றப்பட்டவரும் பாதி நேரம் முடியும்வரை வளாகத்தை விட்டுப் போகக் கூடாது என்பது விதி. ஆகவே அவளைத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்தார்கள். நான் அறை வாசலில் நின்றேன். நடந்தது எதுவும் தெரியாமல் அவள் தகப்பனார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இருபத்தி மூணு, ஜீம்! இருபத்தி நாலு, அலிஃப்! ஷுரூக், கண்ணு, பாபா சொல்றது கேக்குதா?"

"கேக்குது பாபா" என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

இரண்டு நாள் கழித்து, அவளுக்கு எல்லாப் பாடங்களும் ரத்து, அடுத்த ஆண்டும் எழுதத் தடை என்று அறிந்தேன். அறிக்கையோடு இணைத்திருக்கும் அந்தப் பஞ்சு என்னுடையது. அதில் இருக்கும் மருந்தும் என் காதில் இருக்கும் மருந்தும் ஒன்றுதானா என்று சோதித்துக்கொள்ளலாம். தண்டனையை என் பேருக்கு மாற்றி, அவள் தாளைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் காதுப் பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டேன். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) நஷ்அத் பிஷாரா