பூட்ஸுக்குள் திணித்த காகிதம்

மழைக்காலத்தில் ஏற்காட்டில் பூட்ஸ் சீக்கிரம் காயாது. உள்ளே காகிதத்தைத் திணித்து வைக்க வேண்டும். எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு அதை நானேதான் செய்வேன். பயிற்சியாளர், கிளப் மேலாளர் என்று இரண்டு பதவி இருந்தாலும் இதிலெல்லாம் நான் கௌரவம் பார்ப்பதில்லை. மேனகாவின் அம்மா மாதம்மாள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்த காகிதமும் நான் திணித்ததுதான், இன்ஸ்பெக்டர்.

இங்கே வருவதற்கு முன் கொல்கத்தாவில் ஒன்பது வருடம் தொழில்முறை ஆட்டக்காரனாக இருந்தேன். முழங்கால் போனதும், இனி ஆடக் கூடாது என்று ஒரு டாக்டர் சொன்னார். அன்றைக்கே நான் செத்துவிட்டேன். அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

தலைச்சோலை கிராமத்து மேனகாவுக்குப் பத்தொன்பது வயது. எஸ்டேட்டில் காப்பி பறித்துவிட்டு வந்து ஆடுவாள். அணியிலேயே சிறந்த ஆட்டக்காரி அவள்தான். மாநில லீக்கில் சேர இதயப் பரிசோதனை கட்டாயம் என்பதால் எல்லோரையும் சேலத்துக்குக் கூட்டிப்போனேன். இவளுக்கு இதயச் சுவர் தடித்திருக்கிறது, ஓடினால் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று டாக்டர் என்னிடம் காகிதத்தைக் கொடுத்தார். வீட்டில் சொல்லச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள். "மேடு ஏறுனா நெஞ்சு நொம்பப் படபடங்குதுங்க சார். எல்லாஞ் செரியா இருக்குதுங்களா?"

"உனக்கென்ன கண்ணு, மலைக்காத்துல வளந்த நெஞ்சு" என்றேன்.

சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தை நிறுத்தினால் என்னைப்போலவே இவளும் செத்துப்போவாள் என்று நினைத்தேன். லீக்கில் நுழைந்தால்தான் என் மேலாளர் பதவி நிலைக்கும் என்று கிளப் கமிட்டி சொல்லியிருந்தது. அது வேறு விஷயம்.

மறுவாரம் கோல்கீப்பர் புவனாவை வேறொரு ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், மேனகாவின் பெயரில் பரிசோதனை எடுத்து லீக்குக்கு அனுப்பினேன். பெயரை எழுதியது நான். புவனாவுக்கு ஒன்றும் தெரியாது, அவளை விட்டுவிடுங்கள். ஆள் மாற்றுவது பயிற்சியாளரின் வேலைதானே. உண்மையான காகிதத்தை மேனகாவின் நனைந்த பூட்ஸில் திணித்தேன். அன்று செய்தித்தாள் கைக்குக் கிடைக்கவில்லை. அடுத்த நாள் அவளுக்குப் புதுப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். பழையதை அப்படியே வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள்.

லீக்கின் முதல் ஆட்டத்தில், எழுபதாவது நிமிடம் விழுந்தாள். பந்து அவள் பக்கத்தில்கூட இல்லை.

அடக்கம் முடிந்ததும் மாதம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க சார், புள்ளைக்கு முன்னாடியே ஏதாச்சும் நோவு இருந்துச்சுங்களா?"

இல்லை என்றேன். அது மட்டும் என்னை அறுக்கிறது.

எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் எழுதுங்கள். அறுபதாவது நிமிடத்தில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, தன்னை வெளியே எடுக்கச் சொல்லி என்னைப் பார்த்துக் கை தூக்கினாள். மாற்று ஆட்டக்காரர்கள் மூன்று பேர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் சமநிலையில் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஆடு என்று கை காட்டினேன்.