அரம் போடாத போல்ட்

குறைந்த செலவில் வேகமான கார் கட்ட நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் காசைக் கொட்டாதீர்கள் என்பதுதான். பளபளக்கும் மூடி, ஊரைக் கூட்டும் சைலன்சர், கதவில் ஒட்டும் கோடு, இதெல்லாம் காரை ஓர் அடிகூட முந்த வைக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கித் தருவதோடு சரி.

ஐயா, விபத்தை விசாரித்து அறிக்கை எழுதியவர் நீங்கள். அதனால் உங்களிடம் தொழில் பேசலாம் என்று வந்தேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்களுக்கான பந்தயத்தில் ஓட்டுவார். ஐந்து வருடமாக அவருடைய இன்ஜினை என் பட்டறையில் நான்தான் கட்டிக் கொடுத்தேன்.

"மச்சான், செலவும் கம்மியா இருக்கணும், ஜெயிக்கவும் செய்யணும்" என்பார்.

"ரெண்டும் வேணும்னா சைக்கிள் வாங்குங்க மாப்பிள்ளை" என்பேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும்.

நாங்கள் பொருள் தேர்ந்தெடுத்த விதம் இதுதான். பிஸ்டன் புதிது. ஆயில் பம்ப் புதிது, அதில் கஞ்சத்தனம் கூடாது. கேம் ஷாஃப்ட் பழையது, நானே தேய்த்து வடிவம் மாற்றினேன். கனெக்டிங் ராடுகள், அதாவது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற கம்பிகள், உடைத்த கார்களை விற்கிற கிடங்கில் எடுத்தவை. நான்கு சிலிண்டர், நான்கு ராடு, ஒவ்வொன்றின் அடியையும் இறுக்கிப் பிடிக்க இரண்டு போல்ட். ஆக எட்டு. விரல் நீளம்கூட இல்லாத எட்டு போல்ட்டுகளை நம்பித்தான் மொத்த இன்ஜினும் சுற்றுகிறது.

அந்த போல்ட் இறுக்கும்போது மயிரிழை நீளும், கழற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் அது செத்த போல்ட். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், மைக்ரோமீட்டர் வைத்தால்தான் தெரியும். அதனால் என் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. செத்த போல்ட்டின் தலையில் அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுவேன், தவறிப்போய்க்கூட யாரும் எடுத்துப் பூட்டிவிடக் கூடாது என்று. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். என்னைக் கிண்டல்கூடச் செய்வார்கள். நீங்களும் கோடு போட்ட போல்ட்டுகளை நான் போட்டு வைக்கிற டப்பாவைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா வேலை செய்றவர் நீங்க ஒருத்தர்தான்" என்றீர்கள்.

என் தங்கைக்குப் பந்தயம் என்றாலே பயம். தடத்துக்கு வரவே மாட்டாள். வீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை என் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், காரை முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இந்தச் சனியன் உடைஞ்சு தொலைஞ்சாதான் அண்ணா எனக்கு நிம்மதி."

அவள் என்னிடம் எதையும் கேட்கிறவள் இல்லை. கேட்டதை நான் செய்யாமல் விட்டதும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதே வாரத்தில் மாப்பிள்ளை வந்தார். கையில் கிரீஸைக் கழுவிக்கொண்டே, குழாயைப் பார்த்தபடி சொன்னார்: "அடுத்த வருஷம் இன்ஜினை வெளிய குடுக்கலாம்னு இருக்கேன் மச்சான். பெரிய டீம் ஒண்ணு கூப்பிடுது. அவங்களே கட்டித் தர்றாங்க. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை" என்றேன். துடைக்கத் துணி கொடுத்தேன். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அவர் குழாயைச் சரியாக மூடாமல் போய்விட்டார், நான்தான் எழுந்து போய் மூடினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்காக இன்ஜினைப் பிரித்து, எட்டு போல்ட்டையும் அளந்தேன். ஏழு சரியாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரில் ஒன்று நீண்டிருந்தது. மூன்று தடவை அளந்தேன். அரத்தைக் கையில் எடுத்தேன். பிறகு மேசையில் வைத்துவிட்டேன். அவ்வளவுதான். அந்த போல்ட்டைத் துடைத்து, எண்ணெய் தடவி, எடுத்த இடத்திலேயே பூட்டினேன்.

இன்ஜின் உடையும், பந்தய ஆசை போகும், தங்கைக்கு நிம்மதி. நான் நினைத்தது இவ்வளவே. ஆனால் தொழில்காரனிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நானே கேட்டுவிடுகிறேன். காரை நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் ஒரு பழைய கேஸ்கெட் போதுமே. புகை வரும், வண்டி ஓரமாக நிற்கும், இறங்கி நடந்து வரலாம். போல்ட் அப்படி இல்லை. மெதுவாகப் போகும்போது அது உடையாது. உச்ச வேகத்தில்தான் உடையும். ராடு இன்ஜினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், எண்ணெய் பின்சக்கரத்தில் கொட்டும், அப்புறம் ஸ்டீயரிங் இருந்தும் இல்லாத மாதிரிதான். இது எனக்குத் தெரியுமா என்றால், தெரியும்.

புறப்படும்போது கேட்டார்: "போல்ட் எல்லாம் போட்டாச்சா மச்சான்?"

"எல்லாம் போட்டாச்சு மாப்பிள்ளை."

அது பொய் இல்லை.

ஆறாவது சுற்றில், நேர் பாதையின் முடிவில், அந்தச் சத்தத்தைக் கேட்டேன். தடுப்புச் சுவர் அந்த இடத்தில் கான்கிரீட். எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன், எல்லோருக்கும் முன்னால் ஓடினேன்.

அன்றிலிருந்து தெருவில் போகிற எந்த வண்டியையும் என்னால் சும்மா விட முடியவில்லை. பால் வண்டி வந்தாலும் அடிச் சத்தத்தைக் கேட்கிறேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது சிலிண்டர் தட்டுகிறது. பட்டறையில் எல்லா இன்ஜினும் அணைந்திருக்கும்போதும் தட்டுகிறது. அதோடு குழாயடியில் யாரோ கை கழுவுகிற சத்தம். போய்ப் பார்த்தால் தொட்டி காய்ந்து கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

உடைந்த போல்ட்டின் தலையில் அரக்கோடு இல்லை. அதனால் புது போல்ட், தயாரிப்பிலேயே குறை என்று நீங்கள் எழுதினீர்கள். என் தங்கையும் அப்படித்தான் சொன்னாள், இல்லையா? "புது போல்ட் வாங்கிக் கொடுத்தது நான்தான்" என்று உங்களிடம் அழுதாளே, அது உண்மை. பந்தயத்துக்கு நான்கு நாள் முன்பு ஒரு மத்தியானம் பெட்டியோடு வந்து நின்றாள். என் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்து போல்ட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், நான்கு கடை ஏறி இறங்கி, சரியான போல்ட்டையே வாங்கியிருந்தாள்.

"அவர் நிறுத்தப் போறதில்லை அண்ணா. நல்லதாவது போடுங்க. எட்டும் புதுசா போட்டுடுங்க."

"வச்சுட்டுப் போம்மா" என்றேன்.

இதோ அந்தப் பெட்டி. எண்ணிப் பாருங்கள், எட்டும் இருக்கின்றன. உறைகூடப் பிரிக்கவில்லை.

உங்கள் அறிக்கையைப் படித்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. போலியைக் கொடுத்து ஏமாற்றிய கடை எது என்று தேடி அலைகிறாள். நேற்று பட்டறைக்கு வந்து தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பார்த்துப் பார்த்துக் கட்டினீங்க, நான் வாங்கினதுதானே அண்ணா அவரைக் கொன்னுடுச்சு" என்றாள்.

நான் கோபப்படவில்லை, ஐயா. ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. தலையைத் தடவி, உன்னை மன்னித்துவிட்டேன் என்றுதான் சொன்னேன்.