பரிபூரணம் கொடுத்த விளை

நம்ம பூட்டன் பொறக்கதுக்கும் முந்தி, தேரிக்காட்டு ஓரத்துல செம்மணல்விளைன்னு ஒரு ஊரு. அங்க பரிபூரணம்னு ஒரு பொம்பள இருந்தாளாம். புருசன் பனையில இருந்து விழுந்து செத்துப்போனான். அப்ப அவ மாசமா இருந்தா. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எனக்குத் தாரும். என் விளை நெலத்துல உமக்கு ஒரு கோயில் கட்டுதேன்"னு நேந்துக்கிட்டா.

பிள்ள பொறந்துது. வேதக்கண்ணுன்னு பேரு வச்சா.

அன்னையில இருந்து கல்லு சொமந்தா. காலையில பதனி காய்ச்சுவா, கருப்பட்டி ஊத்துவா, வெயில் தாழ ஓடைக்குப் போவா, ஒரு கடவப்பெட்டி கல்லத் தலையில வச்சிக் கொண்டாருவா. ஒரு வருசமா, ரெண்டு வருசமா? பதினெட்டு வருசம் சொமந்தாளாம். மகனக் கொத்தவேலை படிக்க வச்சா. ஆவணியில அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட நாள் குறிச்சாச்சு. வாசல் இங்க, பீடம் இங்கன்னு சுண்ணாம்புக் கோடும் போட்டாச்சு.

ஆடியில ஊருக்குள்ள வாந்திபேதி வந்துது.

மொதல்ல போனது பக்கத்து வீட்டுத் தங்கக்கனி மக. அஞ்சு வயசு. கிறிஸ்து வேதத்துக்கு வந்த ஆட்களப் பழைய இடுகாட்டுல விடமாட்டாவ. தேரி மணல்லதான் பொதைக்கணும். ஆடிக் காத்துல மணலு நிக்குமா? நிக்காது. ஊருல கெட்டித் தரைன்னா பரிபூரணம் விளை ஒண்ணுதான். சபைய நடத்துன மதுரநாயகம் உபதேசியார் வந்து எடம் கேட்டாரு. பின்னால தங்கக்கனி, ஓலைப்பாயில சுத்துன பிள்ளையோட நிக்கா.

பரிபூரணம் முடியாதுன்னுட்டா. அது கர்த்தருக்குன்னு நேந்த எடம், என் இஷ்டத்துக்குக் குடுக்க முடியாதுன்னா.

உபதேசியார் மெதுவாச் சொன்னாராம்: "தாவீது ராசாவும் கோயில் கட்டத்தான் நெனச்சாரு. நெனப்பு நல்ல நெனப்புதான்னு கர்த்தரே சொன்னாரு. ஆனா நீ கட்டாண்டாம்னுட்டாரு."

"தாவீது கையில யுத்தத்துல சிந்துன ரத்தம் இருந்துது, அய்யா. என் கையில என்ன இருக்கு?"

அவரு தங்கக்கனியக் கூட்டிக்கிட்டுத் திரும்பிட்டாரு. பிள்ளைய மணல்ல கொண்டு பொதைச்சாவ.

மூணாம் நாள் விடியக்காலம் வெறகுக்குப் போன பரிபூரணம் தேரியில நின்னுட்டா. காத்து மணல வாரிட்டுப் போயிருக்கு. ஓலைப்பாய் நுனி வெளிய தெரியுது. சுத்தி நரித்தடம்.

அவ குனிஞ்சு மணலத் தள்ளுனா. பாயோட பிள்ளைய மடியில எடுத்துப் போட்டுக்கிட்டு நேரே உபதேசியார் வீட்டுக்கு வந்தா.

"அய்யா, இப்ப என் கையில இருக்கு"ன்னா.

மகனக் கூப்பிட்டா. பீடத்துக்குக் கோடு போட்டிருந்த எடத்துலயே குழி வெட்டச் சொன்னா. கோயிலுக்கு வானம் தோண்ட வேண்டிய மம்பெட்டியால வேதக்கண்ணு குழி வெட்டுனான். தங்கக்கனி மொகத்த இவளால பாக்க முடியல. தங்கக்கனிதான் வந்து இவ கையப் புடிச்சாளாம்.

அதுக்கு நாலாம் நாள் வேதக்கண்ணுக்கும் பேதி கண்டுது. காலையில கண்டுது, அந்திக்குள்ள முடிஞ்சுது. அந்தப் பிள்ளை பக்கத்துலயே அவனையும் வச்சாவ. இது தண்டனைன்னு சொல்றவுகளும் உண்டு. நம்ம ஆட்க அப்பிடிச் சொல்லமாட்டாவ. பேதி எல்லா வீட்டுக்கும்தான் வந்துது.

அந்த ஆடியில நாப்பத்துமூணு பேரு போனாவ. தலைமாட்டுக்கு, கால்மாட்டுக்கு, நரி தோண்டாம மேல அடுக்கன்னு அவ சொமந்த கல்லு பூராத்தையும் அவளே எடுத்துக் குடுத்தா. ஆவணி பொறக்கையில கல்லும் இல்ல, கோடும் இல்ல.

உபதேசியார் ஆறுதல் சொல்ல வசனம் எடுத்தாரு. அவ தடுத்துட்டா.

"நான் நெனச்சது ஒண்ணு, அவரு எடுத்துக்கிட்டது ஒண்ணு. எடுத்துக்கிடட்டும், அவருக்குன்னு சொன்ன எடந்தான. ஆனா ஏன்னு எனக்கு வெளங்கல அய்யா. தெனமும் முழங்கால்ல நின்னு அதத்தான் கேக்கேன்."

கடைசிவரைக்கும் கேட்டாளாம். பதில் கெடைச்சுதா இல்லியான்னு யாருக்கும் தெரியாது. ஆனா ஊருல ஒரு உசுரு போச்சுன்னா, ஓடைக்குப் போயி ஒரு கல்லு கொண்டாந்து குழியில வைப்பா. சாகுற வருசம் வரைக்கும் சொமந்தா.

கோயில் பெறகு கெழக்குத் தெருவுல வேற ஆட்க கட்டுனாவ. ஆனாலும் கல்லறை இருக்க எடத்தத்தான் இன்னைக்கும் கோயில்விளைங்காவ. அந்த ஊருல சாவு விழுந்தா, பெத்தவளோ பொண்டாட்டியோ மகளோ, ஒரு பொம்பள ஓடைக்குப் போயி கல்லெடுத்துத் தலையில வச்சி வரணும். அந்தக் கல்ல மொதல்ல தங்கக்கனி மக குழிமேல எறக்கி, முழங்கால்ல நிப்பா. பெறகுதான் அதத் தன் ஆளு தலைமாட்டுக்குத் தூக்கிட்டுப் போவா.