பயந்த ரத்தம்

“அனன்யா ரத்தத்தையும் எடுங்க சார்.”

நான் கேட்டது இவ்வளவுதான். யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று மட்டும் கேட்கவே கூடாது என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் துரைராஜ் சொல்லியிருந்தார்.

அடையாறில் எங்கள் ஆய்வுக்கூடம். டைவிங் பழகும் பிள்ளைகளில் உயரத்துக்குப் போனதும் யார் பதறுவார்கள் என்று மரபணுவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவர் கொள்கை. குப்பத்துப் பிள்ளைகள் கையை நீட்டினார்கள். அதே அணியில் இருந்த அனன்யாவின் அப்பா நீச்சல் சங்கத் தலைவர். அவள் கையில் ஊசி ஏறவில்லை.

என் தங்கை குமுதா, நொச்சிக்குப்பத்தில் படகிலிருந்து தலைகீழாகக் குதித்து வளர்ந்தவள். பதற்ற மரபணு என்று சொல்லி அவளை அணியிலிருந்து எடுத்தார்கள். “என்னடி, பயந்த ரத்தம், சௌக்கியமா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள் அனன்யா.

எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். கத்தினால் குப்பத்துப் புத்தி என்பார்கள். அதனால் கத்தவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தேன். சலித்துப்போய் ஒருநாள் துரைராஜ் சம்மதித்தார். அனன்யாவின் ரத்தத்தை நான்தான் எடுத்தேன். அதை ஐஸ் பெட்டியில் ஒளித்துவிட்டு, குமுதாவின் ரத்தம் இருந்த குழாயில் அனன்யாவின் பெயரை ஒட்டினேன். முடிவு நான் நினைத்தபடியே வந்தது.

“பெரிய இடம்மா. விட்டுடு” என்றார் துரைராஜ். குமுதாவை மட்டும் அவர் விடவில்லை.

ஆகவே நானே சொன்னேன். மாநிலப் போட்டியன்று, உடை மாற்றும் அறையில், அனன்யாவின் காதருகே, மெதுவாக. “உனக்கும் அதே ரத்தம்தான்.” அவள் சிரித்தாள். பத்து மீட்டர் மேடைக்கு ஏறினாள். விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். அதற்கு முன் அவள் கீழே பார்த்து நான் கண்டதில்லை. ஒரு கால் எழும்பியது, இன்னொன்று தயங்கியது. மேடையின் சிமெண்டு விளிம்பில் தலை மோதியது. இப்போது கழுத்துக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை.

இன்று துரைராஜ் கூப்பிட்டனுப்பினார். ஐஸ் பெட்டியில் நான் ஒளித்த குழாய் மேசைமேல் இருந்தது.

“இது அவ சொந்த ரத்தம். இதுலயும் அதேதாம்மா இருக்கு. இத்தனை வருஷமா அதோடதான் குதிச்சிருக்கா.”

“அப்போ நான் பொய் சொல்லல சார்.”

“நீயா மாத்தினே?”

“நான்தான். பயமே இல்லாதவளுக்கும் அதே முடிவு வந்தா, உங்க கொள்கை தப்புன்னு காட்டத்தான்.”

போலீஸுக்குச் சொல்லப்போவதாகச் சொன்னார். தாராளமாகச் சொல்லுங்கள், நாளைக்கு மட்டும் பொறுங்கள் என்றேன். அணியில் இடம் காலியாகிவிட்டது. நாளை தேர்வு.

நேற்று குமுதா அழுதாள். “மேல போனா காலு நடுங்குதுக்கா. நா வர்ல, வுட்ரு.” பயம் ரத்தத்தில் இல்லை என்று இவளுக்காகவே நிரூபித்திருக்கிறேன். இவளுக்கே அது புரியவில்லை.

எழுந்து வெளியே வந்தேன். நாளை நானே அவளை மேடைக்கு ஏற்றுவேன். அவள் திரும்பி இறங்க முடியாதபடி, படிக்கட்டை மறித்துக்கொண்டு பின்னால் நிற்பேன்.